பதினாலு தறியா, ஆறு தறியா?
(பழைய சர்வர் பிராசசரும் புது டெஸ்க்டாப் பிராசசரும்)

மூன்றாம் ஆண்டு மாணவி, கணிப்பொறியியல் துறை



மலர்க்குழுவில் "டெக்னிக்கலா ஏதாச்சும் எழுதிக் குடு" என்று கேட்டார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதையே திருப்பி எழுதினால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டு குரூப் போட்டோ பார்க்கப் போய்விடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் சென்ற வருடம் அதைத்தான் செய்தேன். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிய கதையையே எழுதுகிறேன். கதைக்குள் கணக்கு நிறைய இருக்கிறது. பேனாவும் பேப்பரும் வைத்துக்கொண்டு சரிபார்த்துப் படித்தால் சந்தோஷம்.

எங்கள் அப்பா பள்ளிபாளையம் பக்கம் ஒரு தறிப்பட்டறையில் ஷிஃப்ட் ஓட்டுகிறார். அம்மா தார் போடுகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கம்ப்யூட்டர் படிக்கிற பெண் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்று இரண்டு வருடம் அக்கம்பக்கத்தார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2025 ஜூலையில் அம்மா மகளிர் குழுவில் 25,000 ரூபாய் கடன் எடுத்து என் கையில் கொடுத்தார். "வாரா வாரம் தவணை கட்டோணும் கண்ணு, பாத்து வாங்கு. தப்பா வாங்கிட்டா இன்னொருக்கா எடுக்க முடியாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கம்ப்யூட்டர் எதற்கு என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஒன்று, இறுதியாண்டு புராஜெக்ட், ஆண்ட்ராய்டு ஆப். இரண்டு, எங்கள் ஊரில் பில்டிங் பிளான் போடும் ஒரு இன்ஜினியர், சாயங்காலம் ஆட்டோகேட் டிராயிங்குகளைத் திருத்திக் கொடுத்தால் ஷீட்டுக்கு இவ்வளவு என்று தருவதாகச் சொல்லியிருந்தார். தவணை கட்டப்போவது அந்தப் பணத்தில்தான். எனவே மெஷின் சரியில்லை என்றால் கெடப்போவது படிப்பு மட்டுமல்ல, குழுவில் அம்மாவின் பெயரும்கூட.

ஈரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பிராசசரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பாப்பா, இது சர்வர் பிராசசர். இன்டெல் ஜியான் இ5-2680 வி4. பதினாலு கோர், இருபத்தெட்டு திரெட். புதுசுல ஆயிரத்து எழுநூறு டாலருக்கு மேல வித்தது. உனக்கு ரெண்டாயிரம் ரூபா. இதே புது ஐ5-12400 வாங்கினா ஆறே ஆறு கோர், பதினொன்னாயிரத்து ஐந்நூறு. நீயே சொல்லு" என்றார்.

நீங்களே சொல்லுங்கள். அந்த இடத்தில் யாருக்குத்தான் மனசு ஆடாது?

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஜியான் 2016-இல் வந்தபோது இன்டெல் அறிவித்த விலை 1,745 டாலர். அது எப்படி இரண்டாயிரம் ரூபாய்க்கு வந்தது?

சர்வர் பிராசசர் எங்கிருந்து வருகிறது?

ஜியான் என்ற பெயர் 1998-இல் பென்டியம் 2 ஜியான் என்று வந்தது. சர்வர், ஒர்க்ஸ்டேஷன் ஆகியவற்றுக்கென்று தனியாகச் செய்யப்பட்ட வகை. பெரிய டேட்டா சென்டர்களில் இவை ஆயிரக்கணக்கில் ராத்திரி பகலாக ஓடும். அங்கே கரண்ட்டும், ஏ.சி.யும், அடுக்கி வைக்கும் இடமும் பெரிய செலவு. சில ஆண்டுகள் கழித்து, அதே கரண்ட்டில் இன்னும் கூடுதலாக வேலை செய்யும் புது மாடல் வந்ததும், பழையதை மொத்தமாகக் கழற்றி லாட் போட்டு விற்றுவிடுவார்கள். கெட்டுப்போனதால் கழற்றுவதில்லை. கணக்கு கட்டுப்படியாகாததால் கழற்றுகிறார்கள். ஒரே நேரத்தில் இத்தனை பிராசசர் சந்தைக்கு வந்தால் விலை விழத்தானே செய்யும்? 2012-இல் 1,500 டாலருக்கு மேல் விற்ற இ5-2670 என்ற எட்டு கோர் ஜியான், 2016 வாக்கில் வெளிநாட்டுப் பழைய சந்தையில் 100 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. அப்போதிருந்தே பட்ஜெட் பார்ப்பவர்களுக்கு இந்தப் பழைய ஜியான் மீது ஒரு கண்.

சர்வரின் வேலை எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் டிக்கெட் புக் செய்கிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொருவர் வேலையும் சின்னது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதது. இதற்கு நிறைய கோர் வேண்டும்; ஒவ்வொரு கோரும் அசுர வேகத்தில் ஓட வேண்டும் என்பதில்லை. பதினாலு கோரையும் உச்ச வேகத்தில் ஓட்டினால் சூடு தாங்காது. எனவே இந்த ஜியானின் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒன்றிரண்டு கோர் மட்டும் வேலை செய்யும்போது 3.3 வரை ஏறும். 2022 ஜனவரியில் வந்த ஐ5-12400-க்கு அடிப்படை 2.5 தான் என்றாலும், ஒரு கோர் 4.4 வரை போகும்.

அப்பா கேட்ட கேள்வி

வீட்டுக்கு வந்து இரண்டு பேப்பரில் இரண்டு பிராசசரின் விவரத்தையும் எழுதி வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தவர், "என்ன கண்ணு அது?" என்று கேட்டார். கோர் என்றால் என்ன என்று அவருக்கு எப்படிச் சொல்வது? "தறி மாதிரிங்கப்பா. ஒண்ணுல பதினாலு தறி, மெதுவா ஓடும், பழசு. இன்னொண்ணுல ஆறு தறிதான், வேகமா ஓடும், புதுசு. வெல ரொம்ப வித்தியாசம்" என்றேன்.

அவர் கைகால் கழுவிக்கொண்டே கேட்டார்: "என்ன துணி நெய்யப்போற?"

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அவரே விளக்கினார். "நூறு துண்டு ஆர்டருன்னா பதினாலு தறிலயும் பிரிச்சு ஏத்தலாம். ஒரே ஒரு பாவு, இன்னிக்கே முடிச்சுக் குடுன்னு வந்தா? பதிமூணு தறி சும்மாதான நிக்கும்?"

நண்பர்களே, இதைத்தான் நம் பாடத்தில் சிங்கிள் திரெட், மல்டி திரெட் என்று படிக்கிறோம். ஒரு புரோகிராமின் வேலை, முந்தைய கட்டத்தின் விடை வந்தால்தான் அடுத்த கட்டம் என்று சங்கிலியாக இருந்தால், அது ஒரு கோரில்தான் ஓட முடியும். ஆட்டோகேட்டில் டிராயிங் போடும் வேலை பெரும்பாலும் இப்படித்தான். நாம் எழுதும் சாதாரண பைதான் புரோகிராமும் அப்படித்தான். மாறாக, ஒரு 3டி படத்தை ரெண்டர் செய்வது துண்டு ஆர்டர் மாதிரி. படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எல்லா கோருக்கும் கொடுத்துவிடலாம்.

நிஜத்தில் பெரும்பாலான வேலைகள் இரண்டும் கலந்தவை. 1967-இல் ஜீன் அம்டால் என்ற கணிப்பொறி வல்லுநர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். அம்டால் விதி என்று பெயர். தறியை வைத்தே போட்டுப் பார்ப்போம். ஒரு ஆர்டரை ஒரு பழைய தறியில் முடிக்க 10 மணி நேரம். அதில் 2 மணி நேரம் ஆரம்ப வேலை. ஒருவர்தான் செய்ய முடியும், பிரிக்க முடியாது. மீதி 8 மணி நேரத்தைப் பிரிக்கலாம். பதினாலு தறி இருந்தால் 2 மணி நேரத்தோடு 8-ஐ 14-ஆல் வகுத்ததைச் சேர்க்க வேண்டும். ஏறக்குறைய 2 மணி 34 நிமிடம். புது இடத்தில் ஆறு தறிதான், ஆனால் எல்லா வேலையும் 1.9 மடங்கு வேகம் என்று வையுங்கள். (1.9 ஏன் என்று பிறகு சொல்கிறேன்.) ஆரம்ப வேலை 1 மணி 3 நிமிடம், நெசவு 42 நிமிடம், மொத்தம் 1 மணி 45 நிமிடம். ஆறு தறி ஜெயித்துவிட்டது! அந்த 2 மணி நேர ஆரம்ப வேலையே இல்லாமல் பத்து மணி நேரத்தையும் பிரிக்கலாம் என்றால் பதினாலு தறி ஜெயிக்கும்: 43 நிமிடத்துக்கு எதிராக 53 நிமிடம்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். 4.4-ஐ 3.3-ஆல் வகுத்தால் 1.33 தானே, 1.9 எங்கிருந்து வந்தது? கிகாஹெர்ட்ஸ் என்பது நாடா நிமிடத்துக்கு எத்தனை முறை ஓடுகிறது என்பது போலத்தான். அகலத் தறியில் ஒரே ஓட்டத்தில் இரண்டு துண்டு பக்கத்துப் பக்கத்தில் நெய்துவிடலாம் இல்லையா? அதுபோலப் புது கோர்கள் ஒரு துடிப்பில் கூடுதலான கட்டளைகளை முடிக்கின்றன. ஆகவே தலைமுறை வேறான இரண்டு பிராசசரை கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்து ஒப்பிடுவது தப்பு. நான் முதல் வருடம் முழுக்க அந்தத் தப்பைச் செய்துகொண்டிருந்தேன்.

மீட்டர் டெஸ்ட்

கணக்கு சரி, கண்ணால் பார்க்க வேண்டாமா? எங்கள் காலேஜில் படித்து முடித்த ஒரு சீனியர் அக்கா இதே இ5-2680 வி4 வைத்திருக்கிறார். என் வகுப்புத் தோழி வீட்டில் ஐ5-12400. இரண்டு கேபினட்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-இல் வைத்துக் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அக்காவின் கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தது நான். ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றுக்கும் சாமி கும்பிட்டேன்.

முதலில் ஒரு கோரில் மட்டும் ஓடும் ஒரு பைதான் புரோகிராம். ஐ5-இல் 41 செகண்ட், ஜியானில் 78 செகண்ட். (1.9 இதிலிருந்து வந்ததுதான்.) அடுத்து என் ஆண்ட்ராய்டு புராஜெக்டை முழுவதுமாக பில்ட் செய்தது: ஐ5 1 நிமிடம் 50 செகண்ட், ஜியான் 2 நிமிடம் 35 செகண்ட். பில்ட் என்பது கலப்பு வேலை. கொஞ்ச நேரம் எல்லா கோரும் ஓடும், கொஞ்ச நேரம் ஒன்றே ஒன்று ஓடும், மற்றவை வேடிக்கை பார்க்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் அம்டால் விதி கண்ணெதிரே தெரியும். மூன்றாவது, பிளெண்டரில் ஒரு படம் ரெண்டர் செய்தது. இதில் ஜியான் 6 நிமிடம், ஐ5 6 நிமிடம் 50 செகண்ட். இங்கேதான் பதினாலு கோரும் சம்பாதித்துக் கொடுத்தன.

நான்காவதாக, லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் ஐந்தை ஒன்றாக ஓட்டினோம். ஜியான் அசையவே இல்லை. ஐ5 திணறியது. அக்கா சிரித்தார். ஆனால் இது நியாயமான போட்டி அல்ல. அக்காவிடம் 32 ஜிபி ராம், தோழியிடம் 16 ஜிபி. திணறியது ராம், பிராசசர் பாதிகூட ஓடவில்லை. எது தோற்றது என்று பார்க்காமல் "ஐ5 தோத்துருச்சு" என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இனி கரண்ட். இதை அளக்க விலைகூடிய கருவி வேண்டியதில்லை. உங்கள் வீட்டு இ.பி. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு லைட் மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3,200. வீட்டில் ஃபேன், டி.வி., பல்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டர் கேபினட்டை மட்டும் ஓடவிட்டு, பத்து நிமிடத்துக்கு எத்தனை மினுக்கல் என்று எண்ண வேண்டும். (மானிட்டரை மெயின் ஸ்விட்சோடு அணைத்துவிடுங்கள்.) அதை ஆறால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு. அதை 3,200-ஆல் வகுத்தால் கிலோவாட்.

ராத்திரி எட்டு மணிக்கு வீடு முழுக்க இருட்டு. அப்பா திண்ணையில் மீட்டர் முன்னால் நின்று எண்ணினார். நான் செல்போனில் நேரம் பார்த்தேன். பக்கத்து வீட்டு அத்தை வந்து "ஏனுங்க, உங்க வீட்டுக்கு மட்டும் கரண்ட் போயிருச்சா?" என்று கேட்டதில் ஒரு முறை எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

சும்மா இருக்கும்போது ஜியான் 45 மினுக்கல், அதாவது 84 வாட். ஐ5 19 மினுக்கல், 36 வாட். ரெண்டர் ஓடும்போது ஜியான் 107, அதாவது 200 வாட். ஐ5 56, அதாவது 105 வாட். (ஜியான் கேபினட்டில் ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கிறது. அது ஏன் என்பது கீழே.) ரெண்டரில் ஜியான் 50 செகண்ட் முந்தியது அல்லவா? அந்த ஒரு படத்துக்கு அது தின்றது 20 வாட்-மணி. ஐ5 தின்றது 12.

ஆனால் இதை வைத்துக்கொண்டு "ஜியான் வாங்கினா கரண்ட் பில்லு எகிறிரும்" என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள். கணக்குப் போடுங்கள். சும்மா இருக்கும்போது வித்தியாசம் 48 வாட். தினம் 6 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 17 யூனிட் சொச்சம்தான். உங்கள் வீட்டு உபயோகம் அடுத்த ஸ்லாபைத் தொட்டுக்கொண்டு நின்றால் அது உறைக்கும், இல்லையென்றால் தாங்கக்கூடியதுதான். ராத்திரி பகல் அணைக்காமல் வைத்திருந்தால் அதே வித்தியாசம் 69 யூனிட் ஆகும். அது வேறு கதை.

இரண்டாயிரம் ரூபாய் பிராசசருக்கு எவ்வளவு ஆகும்?

இதுதான் எனக்குக் கண் திறந்த இடம். பிராசசரைத் தனியாக வைத்து என்ன செய்வது? ஜியானுக்கு எல்ஜிஏ 2011-3 என்ற சாக்கெட் உள்ள மதர்போர்டு வேண்டும். (2011 என்பது தொடும் புள்ளிகளின் எண்ணிக்கை. முதல் 2011 சாக்கெட் 2011-இலேயே வந்தது என்பதால் எல்லோரும் அதை வருடம் என்று நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன்.) இப்போது கிடைக்கும் எக்ஸ்99 போர்டுகளில் பல சீனத்தில் செய்யப்படுபவை. பெயர்தான் எக்ஸ்99, சிலவற்றில் உள்ளே இருப்பது பழைய சாதாரண டெஸ்க்டாப் போர்டில் இருந்து எடுத்த சிப்செட். அது 6,500 ரூபாய் சொன்னார்கள். 32 ஜிபி சர்வர் ராம் 3,500. கூலர் பிராசசரோடு வராது, 1,500. இந்த ஜியானில் உள்கட்டிய கிராஃபிக்ஸ் கிடையாது. எனவே மானிட்டரில் படம் வரவே ஒரு பழைய கார்டு, 2,500. லோடு கூடுதல் என்பதால் கொஞ்சம் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.; கேபினட்டோடு 4,500. எஸ்.எஸ்.டி. 3,000. பிராசசர் 2,000. கூட்டினால் 23,500.

ஐ5-12400: பிராசசர் 11,500 (கூலர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, படம் காட்டும் கிராஃபிக்ஸும் உள்ளேயே), எச்610 போர்டு 5,500, 16 ஜிபி ராம் 3,000, கேபினட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் 3,500, எஸ்.எஸ்.டி. 3,000. மொத்தம் 26,500. பெயர் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கும் ஐ5-12400எஃப் கொஞ்சம் மலிவு; அதில் கிராஃபிக்ஸ் கிடையாது, கவனம்.

ஆக, மேஜைமேல் பார்த்தபோது 9,500 ரூபாய் வித்தியாசம். வீட்டுக்குக் கொண்டுவரும்போது 3,000 ரூபாய் வித்தியாசம். மானிட்டர் இரண்டுக்கும் பொது. அதை மாமா தன் கடையில் இருந்த பழையதைக் கொடுத்துவிட்டார். இவையெல்லாம் 2025 ஜூலையில் நான் விசாரித்த விலைகள். அப்படியே பிடித்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

விலையில் வராத சங்கதிகளும் உண்டு. அந்த சர்வர் ராம் 'ரிஜிஸ்டர்டு' வகை. டிடிஆர்4 என்றுதான் எழுதியிருக்கும், சாதாரண போர்டு ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் மெஷின் ஆன் ஆகாது. நாளைக்கு மதர்போர்டு போய்விட்டால் அந்த ராமை வேறு டெஸ்க்டாப்பில் போட முடியாது. பழைய பிராசசர் சுலபத்தில் சாகாது, சாவது போர்டுதான். அக்காவுக்கு முதல் போர்டு எட்டு மாதத்தில் போனது. வாங்கிய கடையில் "செகண்ட்ஸ் பொருளுக்கு வாரண்டி இல்லம்மா" என்று சொல்லிவிட்டார்கள். புதிய பெட்டி இன்டெல் பிராசசருக்கு மூன்று வருட வாரண்டி.

விண்டோஸ் 11 இந்த ஜியானுக்கு அதிகாரபூர்வமாகக் கிடையாது. மைக்ரோசாஃப்ட் போட்ட பட்டியலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட இன்டெல்தான் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றி ஓட்டுகிறார்கள், ஓடுகிறது. ஆனால் பிறர் கொடுக்கும் டிராயிங்கை வைத்து வேலை செய்கிற மெஷினில் அந்த வேலை எனக்குச் சரிப்படவில்லை. லினக்ஸ் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை.

அப்படியானால் ஜியான் யாருக்கு?

அக்காவுக்கு. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டே லினக்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் படித்தார். எட்டு விர்ச்சுவல் மெஷின்களைத் தனித்தனி சர்வர் மாதிரி ஓட்டி, ஒன்றை வேண்டுமென்றே கெடுத்து, சரிசெய்து பழகினார். அதற்கு நிறைய கோர், நிறைய ராம். அவர் போர்டில் ராம் ஸ்லாட் எட்டு. நமது எச்610-இல் இரண்டே இரண்டு. அந்த ஜியான் நான்கு வழியில் ராமோடு பேசும். டிடிஆர்4-2400 போட்டால் செகண்டுக்கு 76.8 ஜிகாபைட். டிடிஆர்4-3200 இரண்டு போட்ட ஐ5-க்கு 51.2 தான். பிழை திருத்தும் இ.சி.சி. ராமும் அதில் ஓடும். இருபத்தைந்தாயிரத்துக்குள் இதெல்லாம் புதிதாக எந்த மெஷினிலும் கிடைக்காது. இப்போது அவர் சம்பளம் என் அப்பாவின் கூலியைவிட அதிகம். அந்த இரண்டாயிரம் ரூபாய் பிராசசர் அவருக்குக் கொடுத்ததை நான் குறைத்துப் பேச முடியாது.

உங்களுக்கும் அப்படிப்பட்ட வேலை என்றால் தாராளமாக வாங்குங்கள். வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். பெயரில் வி3 அல்லது வி4 இருக்க வேண்டும். எதுவும் இல்லாததும் வி2-வும் பழைய சாக்கெட், டிடிஆர்3 ராம். அவற்றில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதியும் கிடையாது. அது இல்லாமல் திறக்கவே மறுக்கும் சாஃப்ட்வேர்கள் இப்போது வந்துவிட்டன. பிராசசர் மூடியின்மேல் மாடல் நம்பருக்குப் பதில் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று இருந்தால் அது சோதனைக்காகச் செய்த சாம்பிள்; தொடாதீர்கள். இந்த வகையில் பின்கள் பிராசசரில் இல்லை, போர்டில்தான் இருக்கின்றன. போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒன்றாவது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நான் வாங்கியது ஐ5-12400. கையில் 25,000, ஆனது 26,500 என்றேனே? 16 ஜிபிக்குப் பதில் 8 ஜிபி ஒரே குச்சி போட்டேன், 1,500 குறைந்தது, சரியாக 25,000. இன்னொரு 8 ஜிபியைத் தீபாவளிக்கு டிராயிங் பணத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். ஒரே குச்சி என்றால் ராமோடு ஒரே வழிதான், 51.2-இல் பாதி 25.6 என்பதும் தெரிந்துதான் செய்தேன்.

தெரியாதது வேறு. 2025 கடைசியில் உலகம் முழுக்க ராம் விலை தாறுமாறாக ஏறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் அள்ளிக்கொண்டு போனதால் நமக்கு வருவது குறைந்தது. ஜூலையில் 1,500 சொன்ன அதே குச்சிக்கு நான் போய்க் கேட்டபோது இரண்டு மடங்குக்கும் மேல் சொன்னார்கள். 16 ஜிபியாக வாங்கிவிட்டு எஸ்.எஸ்.டி.யைச் சின்னதாகப் போட்டிருக்கலாம். அல்லது நாலு கோர் ஐ3-12100 வாங்கியிருந்தால் பிராசசரிலேயே 2,700 மிஞ்சியிருக்கும். ஆட்டோகேட்டுக்கு அந்த ஒரு கோரின் வேகம் ஐ5-க்கு அருகில்தான். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பதினாலா ஆறா என்ற சண்டையில் நாலை மறந்துவிட்டேன்.

ஆட்டோகேட் நன்றாக ஓடுகிறது. தவணை இதுவரை ஒரு வாரமும் தவறவில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்தால் மட்டும் பிரவுசரை மூடிவிட்டு உட்கார வேண்டும். எமுலேட்டருக்குப் பதில் செல்போனையே கேபிளில் மாட்டி ஆப்பைச் சோதிக்கிறேன். இரண்டாவது ராம் ஸ்லாட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மீட்டர் டெஸ்ட் செய்து பார்ப்பவர்கள் உங்கள் மெஷினின் மினுக்கல் கணக்கை லேபில் என்னிடம் எழுதிக் கொடுங்கள். ஏஎம்டி ரைசன் வைத்திருப்பவர்கள் முக்கியமாக. அப்பாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.